வெள்ளிக்கிழமை வரும் சட்டை

லவோன் படிக்கட்டின் பித்தளைக் கைப்பிடியைத் துடைத்தபடி முன்னால் இறங்கினாள். ஒரு வளைவு பின்னால் டொரிண்டா மாப்புப் போட்டபடி பின்பக்கமாக இறங்கி வந்தாள். கோட்டும் பையுமாக அரசாங்க உத்தியோகஸ்தர்கள் ஏற ஆரம்பிப்பதற்குள் படிகள் காய்ந்திருக்க வேண்டும். வெளியே ஏரிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் செருப்பின் அடியில் ஈர இலைகளை ஒட்டிக்கொண்டுதான் வருவார்கள்.

அன்றைக்கு ஒருவர் சீக்கிரமே வந்துவிட்டார். ஈரப் படியில் கால் வைக்கலாமா என்று தயங்கி நின்றவர், லவோனின் சட்டைப் பையில் சிவப்பு நூலில் தைத்திருந்த பெயரைப் படித்தார்.

"குட் மார்னிங், டொரிண்டா. ஏறலாமா?"

"தாராளமா ஏறுங்க சார்" என்று மேலேயிருந்து உண்மையான டொரிண்டா பதில் சொன்னாள். அவர் அண்ணாந்து பார்த்தார். அவள் சட்டையிலும் அதே சிவப்பு நூல், அதே பெயர். ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுச் சுவர் ஓரமாக ஏறிப் போனார்.

அவர் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"பாத்தியா பிள்ள? பதினாலு வருஷமா தினமும் குட் மார்னிங் சொல்றாரு. என் மூஞ்சிய ஒருநாளும் பாத்ததே இல்லபோல. சட்டைக்குத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு."

லவோனும் சிரித்தாள். டொரிண்டாவோடு இருந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் அவள் சிரித்தது அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் சிரித்ததைவிட அதிகம்.

சட்டை டொரிண்டாவுடையதுதான். கட்டிடத்தைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தம் செப்டம்பரில் பழைய கம்பெனியின் கையைவிட்டு லேக்வே என்ற புதுக் கம்பெனிக்குப் போனது. புதுச் சட்டை இன்னும் வரவில்லை. வரும்வரை பழைய சட்டையையே போட்டுக்கொள்ளுங்கள், முதுகில் இருக்கும் பழைய கம்பெனி பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. புதிதாகச் சேர்ந்த லவோனுக்கு ஒட்டுவதற்குப் பழைய சட்டைகூட இல்லை. முதல் நாள் கிழிசல் ஸ்வெட்டரோடு வந்து நின்றவளைப் பார்த்துவிட்டு, டொரிண்டா தன் லாக்கரிலிருந்த மாற்றுச் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்க. கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும். பரவால்ல, உள்ள இன்னொரு ஆள் வந்தாலும் இடம் இருக்கும்."

"ரொம்ப நன்றி, மிஸ் டொரிண்டா."

"மிஸ்ஸாவது கிஸ்ஸாவது! நான் என்ன உனக்குப் பள்ளிக்கூட டீச்சரா? அக்கான்னு கூப்பிடு, போதும்."

டொரிண்டாவுக்கு இது நாலாவது கம்பெனி. கம்பெனிகள் வரும், போகும். ஆட்கள் அதே ஆட்கள்தான், சட்டைதான் மாறும். "கம்பெனிக்காரன் நம்மள மாத்துறதில்ல பிள்ள, நாமதான் கம்பெனிய மாத்துறோம்" என்பாள். அந்தக் கட்டிடத்தில் எந்தக் குழாய் சொட்டும், எந்த அறைக்காரர் குப்பைக்கூடையில் காபியை அப்படியே ஊற்றி வைப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சில வருஷங்களாக ஆள் பற்றவில்லை. மூன்று பேர் பார்க்க வேண்டிய மாடிகளை அவள் ஒருத்தியே பார்த்தாள். ஆள் போடுங்கள் என்று பழைய கம்பெனியிடம் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டது. புதுக் கம்பெனி வந்த சூட்டோடு லவோனையும் இன்னும் ஐந்தாறு பேரையும் அனுப்பி வைத்ததில் அவளுக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, எனக்குக் கர்த்தர் ஒரு துணையை அனுப்பியிருக்கிறார் என்று சாட்சி சொல்லிவிட்டு வந்தாளாம்.

கர்த்தர் அனுப்பவில்லை. மாவட்டத்தில் உதவித்தொகை கொடுக்கும் கவுண்டி அலுவலகத்து மிஸஸ் ஹால்வர்சன் அனுப்பினாள். லவோன் இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு நாலு வருஷமாக அரசாங்க உதவித்தொகையில் வாழ்ந்தவள். அரசாங்க வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் கம்பெனிகள் உதவித்தொகை வாங்குகிறவர்களாகப் பார்த்து வேலைக்கு எடுங்கள் என்று வாஷிங்டனிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். எடுத்தால் வரியில் சலுகை, அடுத்த ஒப்பந்தத்துக்குப் போகும்போது நல்ல பெயர். மிஸஸ் ஹால்வர்சன் இதையெல்லாம் விளக்கிவிட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "இந்த வேலைய விட்டா, இல்ல நீயா ஏதாவது செஞ்சு அவங்க உன்ன அனுப்பிட்டா, உதவியும் நின்னுடும். குழந்தைங்க பங்கும் சேத்துத்தான். புரியுதா?" என்று கேட்டாள். புரியாமல் என்ன.

முதல் நாள் டொரிண்டா, "இதுக்கு முந்தி எங்கம்மா இருந்த?" என்று விசாரித்தபோது லவோன் உண்மையைச் சொல்லத்தான் இருந்தாள். அதற்குள் டொரிண்டாவே தொடர்ந்துவிட்டாள்.

"கவுண்டி காச வாங்கித் தின்னுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் தூங்குற கூட்டத்த இங்க கொண்டாந்து விடப்போறாங்கன்னு ஒரு பேச்சு அடிபடுது. நல்லவேளை, உன்னப் பாத்தா வேலை செஞ்ச கை மாதிரி தெரியுது. என் வீட்டுக்காரன் விட்டுட்டுப் போனப்ப என் பையனுக்கு ரெண்டு வயசு. வீடு வீடாப் போயி அடுப்பு தேய்ச்சேனே தவிர, அந்த ஆபீஸ் வாசப்படிய மிதிக்கல. செத்தாலும் மிதிக்க மாட்டேன்."

"லாண்டரில இருந்தேன்க்கா" என்றாள் லவோன். "மூடிட்டாங்க."

பொய் சொன்ன வாய் அன்று முழுவதும் கசந்தது. மறுநாள் திருத்திச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் டொரிண்டா சோளரொட்டியும் பன்றி இறைச்சி போட்டு வேகவைத்த கீரையும் இரண்டு டப்பாவில் கொண்டுவந்து, "லாண்டரி ஆவியில வெந்து வந்தவ, தின்னு உடம்ப தேத்து" என்று ஒரு டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். அதற்குப் பிறகு எப்படித் திருத்துவது?

புதன்கிழமை மத்தியானம் லவோன் மேற்பார்வையாளர் பிக்கெட்டைத் தேடி அடித்தளத்துக்குப் போனாள். பிக்கெட்டும் ஒருகாலத்தில் மாப்புப் போட்டவர்தான். இப்போதும் தரையில் கறை கண்டால் செருப்பு நுனியால் தேய்த்துப் பார்க்காமல் போக மாட்டார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் வெள்ளிக்கிழமை விழாவுக்கு நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார். வாஷிங்டனிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். கம்பெனிக்கு ஏதோ பாராட்டுப் பலகை கொடுக்கப்போகிறார்.

"மிஸ்டர் பிக்கெட், எனக்கு ஒரு லாக்கர் கிடைக்குமா? பையையும் கோட்டையும் வாளி மேலயே வச்சிருக்கேன்."

"ரெண்டு நாள் பொறுத்துக்கம்மா. வெள்ளிக்கிழமை டொரிண்டாவோடது காலியாகும். அத எடுத்துக்க."

லவோனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அவங்களுக்கு வேற லாக்கரா?"

பிக்கெட் எண்ணிக்கையை விட்டுவிட்டார். கதவைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்.

"இங்க பாரு, மொத்தத்துல இத்தன பேர்தான்னு கணக்கு. உங்கள எடுத்தா அவங்கள்ல அத்தன பேர் போகணும். மேல உள்ளவங்க முடிவு பண்ணது. என் கையில என்ன இருக்கு?"

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இப்பவே சொன்னா வேலை படுத்துடும். விழாவுக்கு இந்தக் கட்டிடம் கண்ணாடியா மின்னணும்னு உத்தரவு. வெள்ளிக்கிழமை காலையில நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறந்திராத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வேலைல வச்சுக்கிறவங்கன்னு மேல அனுப்புன பேருல உன்னோடதும் ஒண்ணு."

அவள் தலையாட்டினாள். அப்படித் தலையாட்டியதுதான் பிறகு நினைத்து நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. முதலில் மனசில் வந்தது, அப்பாடா, போவது நானில்லை என்பதுதான்.

வேலை முடிந்து அவளும் டொரிண்டாவும் ஒரே பஸ்ஸில் போவார்கள். அன்றும் டொரிண்டா ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பக்கத்து இடத்தை நிறைத்து உட்கார்ந்தாள். அவள் மகன் கர்ட்டிஸ் பள்ளிக்கூட பாண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதுகிறான். பள்ளிக்கூடத்து டிரம்பெட்டில் ஒரு கட்டை இறுகிப்போய் அமுங்க மாட்டேன் என்கிறதாம். சொந்தமாக ஒன்று வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். கடைக்காரனிடம் சொல்லி, மாதாமாதம் கட்டிக்கொள்வதாகக் கையெழுத்தும் போட்டாயிற்று.

"முன்னன்னா பயந்திருப்பேன். இப்ப நீ வந்துட்ட. முதுகு வலி குறைஞ்சிருக்கு, இன்னும் பத்து வருஷம் ஓட்டிருவேன். என்ன பிள்ள, பேயறைஞ்ச மாதிரி இருக்க? குழந்தைங்களுக்கு ஏதும் சுகமில்லையா?"

இப்போது சொல்ல வேண்டும் என்று லவோன் நினைத்தாள். கடைக்குப் போய்க் கையெழுத்தை ரத்து செய்யுங்கள் அக்கா என்றாவது சொல்ல வேண்டும். சொன்னால் டொரிண்டா சும்மா இருக்கிறவளா? நாளைக் காலையில் பிக்கெட்டின் சட்டையைப் பிடித்துவிடுவாள். யார் சொன்னது என்று பிக்கெட் கேட்கவே வேண்டியிருக்காது. பிறகு மிஸஸ் ஹால்வர்சனின் கண்ணாடி. சின்னவளுக்குக் குளிர்காலக் கோட்டு இன்னும் வாங்கவில்லை.

"சின்னவளுக்குச் சளிக்கா" என்றாள்.

"வெங்காயத்த வேகவச்சு அந்தத் தண்ணில சர்க்கரை போட்டுக் குடு. காலைல ஓடிரும்." இறங்கும்போது டொரிண்டா அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அந்தக் கை பட்ட இடத்தை லவோன் வீடு போய்ச் சேரும்வரை தடவிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் எல்லோரும் அடித்தளத்துச் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். தரை மெழுகும் எந்திரத்தை ஓட்டும் கிளீட்டஸ் வறுத்த கெளுத்தி மீன் கொண்டுவந்திருந்தார். யாரோ சர்க்கரைவள்ளிக் கிழங்கு கேக் ஒன்றைத் துண்டு போட்டார்கள். மேசை நடுவில் பெரிய கத்தரிக்கோல்கள் இரண்டு கிடந்தன.

"இது எதுக்குக்கா?"

"உனக்குத் தெரியாதில்ல? நாளைக்குப் புதுச் சட்டை வருது. பழசு என்னாகும்? கந்தை. ஒவ்வொரு தடவையும் கம்பெனி மாறுனா இப்படித்தான் செய்வோம். கடைத்துணி பித்தளையக் கீறும். இந்தச் சட்டைதான் எத்தனையோ தடவ வெளுத்து வெளுத்து மெத்துன்னு ஆயிருக்கும். ஆனா ஒண்ணு, தன் சட்டைய தானே வெட்டிக்கக் கூடாது. வெட்டுனா வேலை போயிரும். ஜோடியாள்தான் வெட்டணும்."

"ஒரு ஆளு தானே வெட்டிக்கிட்டான், போன கம்பெனி மாறுனப்ப" என்றார் கிளீட்டஸ், வாயில் முள்ளோடு. "அடுத்த மாசமே ஆள் அவுட்டு."

"அவன் குடிச்சுட்டு லிப்டுல தூங்குனான், அதனால அவுட்டு" என்றாள் டொரிண்டா. அறையே சிரித்தது. "இருந்தாலும் எதுக்கு வம்பு? இந்தா பிள்ள, நீ என்னோடத வெட்டு. நான் உன்னோடத வெட்டுறேன். ரெண்டும் என் சட்டைதான், அதனால எனக்கு ரெட்டைப் பாதுகாப்பு."

சொல்லிவிட்டு அவள் பொத்தான்களைக் கழற்றி, சட்டையை உருவி மேசைமேல் போட்டாள். உள்ளே மகனுடைய பள்ளிக்கூட பனியன் போட்டிருந்தாள். லவோனும் தன் மேல் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். டொரிண்டா அதை மடியில் விரித்து, காலரை முதலில் அறுத்து எடுத்துவிட்டு, கறுப்பு டேப்பை உரித்து உருட்டிக் கிளீட்டஸ் மேல் எறிந்தாள். பிறகு நேர்கோடாக வெட்டிக்கொண்டே போனாள்.

லவோனின் கத்தரிக்கோல் நகரவில்லை. சட்டையில் இன்னும் சூடு இருந்தது. அக்குளில் பவுடர் வாசனை வந்தது.

"என்ன, கத்தரிக்கோல் வெட்டலையா? அது மொன்னை. இந்தா, இத வச்சுக்க."

"இல்லக்கா… நாளைக்குச் சட்டை வந்தப்பறம் வெட்டலாமே. ஒருவேளை வண்டி வரலன்னா? எல்லாருக்கும் பத்தாம கொஞ்சம் குறைச்சலா வந்துச்சுன்னா?"

அவளால் முடிந்தது அவ்வளவுதான். சொல்லிவிட்டு டொரிண்டாவின் முகத்தையே பார்த்தாள். புரிந்துகொள்ளேன், தயவுசெய்து நீயாகப் புரிந்துகொள்ளேன் என்று உள்ளே கெஞ்சினாள். கதவருகே காபி குடித்துக்கொண்டிருந்த பிக்கெட் கோப்பையை வாயிலிருந்து எடுக்காமல் அவளையே கவனித்தார்.

டொரிண்டா அவள் கையை எட்டிப் பிடித்தாள். "பாரு, எம்மேல எவ்வளவு கரிசனம் இந்தப் பிள்ளைக்கு! மிஸ்டர் பிக்கெட், எனக்குச் சட்டை வராதுன்னு இவ கவலப்படுறா. பெரிய சைஸா ஒண்ணு சொல்லிருக்கீங்கல்ல?"

"ம்" என்றார் பிக்கெட், கோப்பைக்குள்ளேயே.

"அப்பறம் என்ன? வெட்டும்மா."

லவோன் வெட்டினாள். காலரை அறுத்தாள். கைகளைப் பிரித்தாள். முதுகை இரண்டாக்கினாள். பெயர் இருந்த துண்டைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வெட்டினாள். கடைசியில் அது ஒரு கையகலத் துண்டாக மிஞ்சியது. டொரிண்டா எல்லாவற்றையும் வாரிக் கந்தைப் பைக்குள் திணித்து, "முடிஞ்சுது ஒரு கம்பெனி" என்று கையைத் தட்டினாள். கேக்கில் பெரிய துண்டை லவோனின் குழந்தைகளுக்கென்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். லவோன் அதை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருக்க என்ன காரணம் சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை விடியும்போதே அட்டைப்பெட்டி வந்துவிட்டது. பச்சைச் சட்டை, முதுகில் வெள்ளை எழுத்தில் லேக்வே. வேலையெல்லாம் முடிந்த பிறகு, ஒன்பதரை மணிக்குத்தான் பிக்கெட் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். லவோன் தன் சட்டையை விரித்துப் பார்த்தாள். பையில் பெயர் இல்லை.

"பேர் தைக்க மாட்டாங்களா?"

"கொஞ்ச மாசம் போகட்டும். யார் நிக்கிறாங்கன்னு பாத்துட்டுத் தைப்பாங்களாம்."

பெட்டி காலியானது. டொரிண்டா மகனுடைய பனியனோடு, மேலே சர்ச்சுக்குப் போட்டுப்போகும் நீலக் கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். அவளோடு இன்னும் நாலைந்து பழைய ஆட்கள் நின்றார்கள். கிளீட்டஸும் நின்றார். பிக்கெட் அவர்களைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

கத்தல் கேட்கும் என்று லவோன் எதிர்பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கதவு திறந்தபோது கிளீட்டஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி யாரையும் பார்க்காமல் போனார். டொரிண்டா கடைசியாக வந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை இல்லை. பிக்கெட் அவள் பின்னாலேயே வந்தார். ஏதாவது நல்லது செய்துவிட்டால் தேவலை என்று அவருக்கும் இருந்தது.

"டொரிண்டா, நான் சொல்றதக் கேளு. வழி இருக்கு. நீயும் கவுண்டி ஆபீஸ்ல போயி உதவிக்குப் பதிஞ்சுக்க. உனக்குத்தான் பள்ளிக்கூடம் போற பையன் இருக்கானே, குடுப்பாங்க. கம்பெனி அங்கயிருந்துதான் இனிமே ஆள் எடுக்கும். அந்த வழியா வந்தீன்னா நானே மேல பேசி உன்ன எடுத்துக்கிறேன். சத்தியமா. லவோனக் கேளு, எப்படிப் போகணும்னு சொல்லுவா. அவ அங்கயிருந்துதான வந்தா."

டொரிண்டா திரும்பினாள். பச்சைச் சட்டையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"லாண்டரின்னு சொன்ன."

லவோன் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"நேத்து வெட்டும்போது தெரியுமா உனக்கு?"

"புதன்கிழமையே தெரியும்க்கா."

திட்டியிருக்கலாம். அறைந்திருந்தால்கூட லவோன் வாங்கிக்கொண்டிருப்பாள். டொரிண்டா கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டாள், உள்ளே இருந்த பனியன் தெரியாதபடி. பிக்கெட் நாற்காலிகளைப் பார்க்கப் போகும்வரை காத்திருந்தாள். நடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். பிறகு மிக மெதுவாக, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எந்த பஸ்ஸு?"

"பதினாலாம் நம்பர்" என்றாள் லவோன். "எதிர்த்தாப்புல நின்னா வரும். பெரிய வாசல்ல விட மாட்டாங்க, பக்கத்துல ஒரு கதவு இருக்கும். சாப்பிட ஏதாவது எடுத்துட்டுப் போங்க, ரொம்ப நேரம் ஆகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க எதுக்கு வந்தீங்கன்னு கேப்பாங்க… சத்தமாத்தான் சொல்லணும். மெதுவாச் சொன்னா, கேக்கல, திரும்பச் சொல்லுன்னு சொல்லுவாங்க. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. மொத தடவையே சத்தமாச் சொல்லிருங்க."

டொரிண்டா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல லவோன் வாயெடுத்தாள். அதற்குள் அவள் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். வேலைக்காரர்கள் எப்போதும் போய்வரும் கதவுதான் அது.

பத்து மணிக்கு முன்கூடம் நிறைந்துவிட்டது. கம்பெனி முதலாளி, கட்டிட நிர்வாகி, கவுண்டி அலுவலகத்து ஆட்கள், எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மிஸஸ் ஹால்வர்சன் புதுச் சட்டைக்காரர்களைப் பார்த்து ஒரு தாய்ச் சிரிப்புச் சிரித்தாள். அவர்களை மேடைக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். கார் வந்துவிட்டது என்று யாரோ சொன்ன நேரத்தில் பிக்கெட் பதறிக்கொண்டு லவோனிடம் வந்தார்.

"பேசுற மேசையில பித்தளைத் தகட்டுல யாரோ கை வச்சிருக்காங்க, ரேகை தெரியுது. சீக்கிரம் ஒரு துடை துடைச்சிரு."

அவள் மேடைக்குப் பின்னாலிருந்த கந்தைப் பைக்குள் கையை விட்டுக் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினாள். தகட்டில் வாயால் ஊதித் துடைத்தாள். துணி மெத்தென்று இருந்தது, கீறவே இல்லை. திருப்பிப் பிடித்தபோது சிவப்பு நூல் தெரிந்தது.

முன்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரு தெரிந்தது. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நீலக் கோட்டு காற்றுக்கு முதுகு காட்டி நின்றது. பதினாலாம் நம்பர் இன்னும் வரவில்லை. பெரிய அதிகாரியின் கார் அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டு வந்து நின்றது.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நீளமாகப் பேசாமல், இங்கே நிற்கும் இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வெற்றி என்றார். கூட்டம் கைதட்டியது. பாராட்டுப் பலகையை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, வரிசையில் இருந்தவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே வந்தார். லவோன் கந்தையை அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தாள். பக்கத்தில் மண்டியிட்டிருந்த போட்டோக்காரன் தடுத்தான்.

"இல்லம்மா, உள்ள வைக்காத. கையிலயே இருக்கட்டும். வேலை செய்யிறவங்கன்னு தெரியணும்ல. இன்னும் கொஞ்சம் மேல தூக்கு. அப்படித்தான்."

அதிகாரி அவள் வலது கையைப் பிடித்துக் குலுக்கியபடியே கேமராப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே பஸ் ஒன்று மூச்சு விட்டு நிற்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையில் கந்தையை நெஞ்சுவரை தூக்கி, அந்தப் பெயரின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி மறைத்துக்கொண்டாள்.

"சிரி" என்றான் போட்டோக்காரன்.